ஆர்வம் காட்டாத மனுதாரர்

அனுப்புநர்:
வழக்கின் மனுதாரருடைய மனைவி,
(இந்த நீதிமன்றத்தின் முன்னாள் தரவுப் பதிவாளர், ஒப்பந்த முறை, பதினான்கு ஆண்டுகள்),
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், மாடி வீடு.

பெறுநர்:
தலைமைப் பதிவாளர் அவர்கள்,
தொழிலாளர் நீதிமன்றம்.

பொருள்: பீங்கான் ஆலைத் தொழிலாளியான என் கணவர் தொடுத்த வழக்கு "மனுதாரர் ஆர்வம் காட்டவில்லை" (காரண எண் 7) என்று தவறாக முடிக்கப்பட்டது – அதை "மனுதாரர் மரணம்" (காரண எண் 8) என்று ஏழு நாட்களுக்குள் திருத்தக் கோருதல் – இதே தவறை நானும் முந்நூற்று எண்பத்தாறு முறை செய்திருப்பதை ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் முதல் மனு, அவர் இறந்த நாற்பதாம் நாள்.
2. தங்கள் அலுவலகத்தின் பதில், அறுபத்தாறாம் நாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பதில் கிடைத்தது, நன்றி. பதிவில் திருத்தம் வேண்டுமானால் "மனுதாரர் நேரில் ஆஜராகி, வழக்கைத் தொடர்ந்து நடத்தத் தமக்கு ஆர்வம் உள்ளது என எழுத்துமூலம் உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும்" என்று அதில் கண்டிருக்கிறது. மனுதாரர் என்பவர் என் கணவர். அவர் இறந்துவிட்டார் என்பதற்காகத்தான் திருத்தமே கேட்டேன். அவரை எந்தக் கவுண்டருக்கு, எத்தனை மணிக்கு அழைத்து வர வேண்டும் என்று தாங்கள் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் முயன்று பார்த்திருப்பேன், ஏனென்றால் உயிரோடு இருந்தவரை இந்த நீதிமன்றம் கூப்பிட்ட எந்த நாளிலும் அவர் வராமல் இருந்ததில்லை.

2. வழக்கின் சுருக்கம். என் கணவர் ஆலையின் மெருகுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். சுட்டெடுத்த பீங்கான் தொட்டிகளின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குவது வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் வாசற்படியே வெளுத்துவிடும். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆலையின் மருத்துவமனைக்குப் போனார். இது சிகரெட்டால் வந்த நோய், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனவே இங்கே வைத்தியம் கிடையாது என்று சொல்லி, சீட்டிலும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் பக்கத்தில் எவராவது பற்றவைத்தால் கிளாஸோடு எழுந்து வெளியே போய் நிற்கிறவர் அவர். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். பிறகு வழக்குப் போட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த நோய் தூசியால் வந்ததா, சிகரெட்டால் வந்ததா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். தூசி என்றால் ஆலை மருத்துவமனை அவருக்குக் கதவைத் திறந்தாக வேண்டும்.

3. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அவருடைய இறப்புச் சான்றிதழிலும் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து "புகைப்பழக்கம்" என்றே எழுதிவிட்டார்கள். வாழ்நாளில் தொடாத சிகரெட்டைச் செத்த பிறகு அவர் வாயில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தெறிய எனக்கிருக்கும் ஒரே வழி இந்த வழக்கு. மனுதாரர் இறந்தால் தொண்ணூறு நாட்களுக்குள் வாரிசு சேர்ந்துகொண்டு வழக்கை நடத்தலாம் என்பது விதி. ஆனால் தங்கள் கணினியில் காரணம் 7 என்று இருக்கும்வரை என் வாரிசு மனுவைக் கவுண்டரில் கையால் கூடத் தொடமாட்டேன் என்கிறார்கள். ஆர்வமில்லாமல் விட்டுப்போனவருக்கு வாரிசு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இன்று எண்பத்து மூன்றாம் நாள்.

4. இனி, வழக்கு எப்படி நடந்தது என்பது. இரண்டு ஆண்டுகளில் ஒன்பது முறை விசாரணைக்கு வந்தது. ஒன்பது முறையும் ஆலைத் தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார், ஒன்பது முறையும் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் எழுந்து கேட்பார். காலை பத்து மணிக்கே வழக்கைக் கூப்பிட்டாலும், மூத்த வக்கீல் அடுத்த ஹாலில் இருக்கிறார், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று மதியம் வரை இழுப்பார். ஏன் இந்தப் பன்னிரண்டு நாற்பது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. நல்ல நேரம் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

5. ஒன்பதாவது வாய்தா அன்றுதான் புரிந்தது. சொன்னவர் அந்த வக்கீலின் குமாஸ்தா. கோர்ட்டில் எல்லோரும் அவரை வாய்தா மாமா என்போம். என்னைப் பதினாறு வருடமாகத் தெரியும், கேன்டீனில் எத்தனையோ டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கெட்ட மனிதர் அல்லர்; அவர்மேல் நடவடிக்கை எதுவும் கோரவில்லை. என் கணவர் வராந்தாவில் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனசு கேளாமல் என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டார். இங்கே நடந்த எல்லாவற்றிலும் என் மண்டையைவிட்டுப் போகாத பேச்சு அது என்பதால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தங்கச்சி, நான் உனக்கு விரோதமா சொல்லல. இப்பல்லாம் வக்கீலா யோசிக்கிறாரு? கம்ப்யூட்டர்தான் சொல்லுது. உங்க மாதிரி கேஸ்ல நூத்துக்கு எழுபத்தோரு பேருக்கு ஒன்பதாவது வாய்தாவோட ஆர்வம் போயிடுதாம். நீயும் அவரை வீட்ல வெச்சுப் பாரேன். எதுக்குப் படியேத்தி வதைக்கிற?"

6. சொன்னதோடு நிற்காமல் தன் போனை என் கையில் கொடுத்தார். ஒரு கணினி நிறுவனம் ஆலைத் தரப்புக்குத் தயாரித்துக் கொடுத்த அறிக்கை அது. தங்கள் நீதிமன்றம் பொதுமக்கள் நலனுக்காக இணையத்தில் வெளியிடும் வழக்குத் தகவல்களைப் பன்னிரண்டு வருடத்துக்கு மொத்தமாக அள்ளி, எந்த நீதிபதி எதற்கு எப்படி ஆணையிடுவார், எப்போது எதைக் கேட்டால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை என்று எங்கள் இலவச சட்ட உதவி வக்கீலும் சொன்னார். அறிக்கையில் கண்டவற்றுள் எனக்கு நினைவிலிருப்பவை: எங்கள் வழக்கு நடக்கும் நாலாம் ஹாலில் பன்னிரண்டரைக்கு மேல் கேட்கும் வாய்தாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கிடைக்கும். வழக்கு மூன்றாவது மாடியில் நடப்பதும், லிஃப்ட் அடிக்கடி பழுதாவதும் ஆலைக்குச் சாதகம். மனுதாரரை நேரில் வரச் சொல்லிக் கேட்டால் "ஆர்வம் தேயும் வேகம்" கூடும். ஆறாவது வாய்தாவில் கேட்பது உத்தமம்.

லிஃப்ட் பழுதாவதை அந்தக் கணினிகூடக் கவனித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய தங்கள் அலுவலகம் கவனிக்கவில்லை என்பதையும் இங்கே பணிவுடன் பதிவுசெய்கிறேன்.

7. அறிக்கை சொன்னபடியே ஆறாவது வாய்தாவில் அவரை நேரில் வரச் சொன்னார்கள். அதன் பிறகு மூன்று முறை வந்தார். அறுபத்திரண்டு படிகள். என் கொழுந்தனார் அந்த மடக்கு ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டூலை விரிப்பார், இவர் உட்காருவார், மூச்சு அடங்கும்வரை மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஏறி முடிக்க நாற்பது நிமிஷம். ஹாலுக்குள் நுழையும்முன் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார், நீதிபதி முன்னால் அலங்கோலமாக நிற்கக்கூடாதாம். முந்தின நாள் சாயங்காலமே சட்டையைத் தானே இஸ்திரி போடுவார், என்னைத் தொடவிடமாட்டார். காலருக்கு ஒரு மூச்சு, கைக்கு ஒரு மூச்சு என்று நிறுத்தி நிறுத்திப் போடுவார். அந்த மனுஷனைத்தான் ஐயா, தங்கள் கணினி ஆர்வம் காட்டவில்லை என்கிறது.

8. இதுவரை எழுதியது புகார். இனி எழுதப்போவது வாக்குமூலம்.

வாய்தா மாமாவின் போனில் கடைசிப் பக்கத்தில் அறுபத்து நான்கு வழக்கு எண்கள் இருந்தன. ஒன்பதாவது வாய்தாவோடு ஆர்வம் இழந்த மனுதாரர்களின் பட்டியல். முதல் நாலு எண்ணை இரண்டு முறை படித்தேன். அவை எனக்குத் தெரிந்த எண்கள். அவற்றைக் கணினியில் ஏற்றியவள் நான்.

9. தரவுப் பிரிவில் வேலை எப்படி நடக்கிறது என்று தாங்கள் கீழே இறங்கி வந்து பார்த்திருக்க மாட்டீர்கள், ஆகையால் சொல்கிறேன். முடிந்த வழக்கைப் பதியும்போது திரையில் பதினொரு காரணங்கள் வரும். ஏழாவதைத் தட்டினால் ஒரே தட்டில் வழக்கு மூடிவிடும். எட்டாவது மரணம். அதைத் தட்டினால் நான்கு பக்கங்கள் திறக்கும்: மரணத் தேதி, வாரிசுகள், அவர்கள் முகவரி, அவர்களின் சம்மதக் கையெழுத்து. நான்கையும் நிரப்பாமல் அடுத்த வழக்குக்குப் போகவே விடாது. வழக்குக் கட்டில் பாதி விவரம் இருக்காது. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வழக்கு ஏற்ற வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் கண்காணிப்பாளர் கரும்பலகையில் நம் பெயருக்கு நேராகச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுவார். ஒரு சாவுக்கு இருபது நிமிஷம் யாரால் கொடுக்க முடியும்? செத்தவர்களுக்கெல்லாம் ஏழு போட்டோம். சாப்பிடும் நேரத்தில் யாராவது இறந்த செய்தி வந்தால்கூட அவருக்கு ஏழு போட்டாச்சா என்றுதான் கேட்போம். காய்ச்சலோடு வேலைக்கு வந்த கேன்டீன் மாஸ்டர் ஒருநாள், எனக்கு ஏழு போட்டுடாதீங்கம்மா என்றார். எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

10. வேகமான பதிவாளர் என்று இரண்டு ஆண்டுகள் எனக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள். தங்களுக்கு முன்பிருந்த தலைமைப் பதிவாளர் கையெழுத்திட்டது. கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறோம். ஆணி அடித்தவர் என் கணவர்.

11. எனக்கு அப்போதும் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. நேரம் கிடைக்கும்போது எட்டாக மாற்றிவிடலாம் என்று, ஏழு போட்ட சாவுகளின் வழக்கு எண்களை ஒரு நீளநோட்டில் குறித்துவைத்தேன். பதினான்கு வருடத்தில் நேரம் கிடைக்கவில்லை. முந்நூற்று எண்பத்தாறு எண்கள். தங்கள் பதில் வந்த பிறகு பதினேழு நாட்கள் உட்கார்ந்து, அறிக்கையின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பட்டியலை நான் படம் எடுத்துக்கொண்டபோது வாய்தா மாமா தடுக்கவில்லை. அந்த அறுபத்து நான்கில் நாற்பத்தொரு எண் என் நோட்டில் இருக்கிறது. மீதி இருபத்து மூன்றும் மற்ற மேஜைகளில் ஏறியிருக்கும். அந்த நாற்பத்தொரு பேரும் ஆர்வம் இழக்கவில்லை ஐயா. உயிர் இழந்தார்கள். வாய்தாவுக்கு வாய்தா காத்திருந்து, ஒன்பதாவதற்கு முன்போ பின்போ செத்துப்போனார்கள். அதை நான் ஒரே தட்டில் ஆர்வமின்மை ஆக்கினேன். அதைக் கணினி படித்து, இப்படி இழுத்தடித்தால் எதிராளி தானாக விலகிவிடுவான் என்று ஆலைக்குப் புத்தி சொன்னது. ஆலை அந்தப் புத்தியை என் கணவர் மீது பிரயோகித்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேலியாகச் சொல்வார்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தேன்.

12. தூண் ஓரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூல் அருகே வந்தேன். என்ன சொல்றான் என்று என் கணவர் கேட்டார். ஒண்ணுமில்ல, வாய்தாதான் என்றேன். அடுத்த தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார், மறந்துபோகுமாம். அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் இறந்தார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், திட்டு வாங்கியாவது தொலைத்திருக்கலாம். இப்போது அதற்கும் ஆளில்லை.

13. பத்தாவது விசாரணையில் எங்கள் வக்கீல் எழுந்து மனுதாரர் காலமானார் என்று சொல்லி, சான்றிதழையும் கொடுத்தார். நீதிபதி ஐயா ஒரு கணம் தலை குனிந்து, வாரிசுகளைச் சேர்க்கட்டும் என்று உத்தரவிட்டார். அது வழக்குக் கட்டில் எழுத்தாகவே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, கீழ்த்தள வராந்தாவில் இருக்கும் தகவல் திரையில் வழக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். "மனுதாரர் ஆர்வம் காட்டவில்லை. வழக்கு முடிக்கப்பட்டது." பின்னால் வரிசையில் நின்றவர் பார்த்தாச்சுன்னா நகருங்கம்மா என்று சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.

14. நேராகத் தரவுப் பிரிவுக்குப் போனேன். என் பழைய நாற்காலியில், நான் ஒரு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டு வந்த பெண் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்கக்கா, சாப்பிடுறீங்களா என்றாள். நல்ல பெண். நான் வழக்கு எண்ணைச் சொன்னேன். திரையில் எடுத்துப் பார்த்தாள். அது யாருடைய வழக்கு என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆள் செத்தவர்தானே, ஏன் ஏழு போட்டாய் என்று மட்டும் கேட்டேன். அவள் விழித்தாள்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, என்ன ஆனாலும் எட்டைத் தொடாதேன்னு?"

அவள் மீதும் நடவடிக்கை கோரவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் அவள்தான்.

15. வெளியே வரும்போது வாய்தா மாமா எதிர்ப்பட்டார். கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு என்றார். உங்கள் கம்ப்யூட்டர் சொன்ன எழுபத்தொரு பேரில் பலருக்கு ஆர்வம் போகவில்லை, உயிர்தான் போயிருக்கிறது என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எதுவா இருந்தா என்னம்மா, வரமாட்டாங்கல்ல? அவங்களுக்கு அதுதானே கணக்கு."

அவர் சொன்னது சரி. நான் கேட்கும் திருத்தத்தால் அந்தக் கணினி திருந்தாது என்று எனக்கும் தெரியும். ஏழெல்லாம் எட்டானால், இத்தனை வாய்தாவில் ஆர்வம் போகும் என்பதற்குப் பதிலாக இத்தனை வாய்தாவில் ஆள் சாவான் என்று அது இன்னும் துல்லியமாகச் சொல்லும். சொல்லட்டும். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாற்பதுக்கு எழுகிற வக்கீல், தான் கேட்பது என்னவென்று படித்துவிட்டு எழ வேண்டியிருக்கும். வாய்தா கொடுக்கிறவர்களும் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

16. இந்த மனுவை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் வக்கீல் தடுத்தார். அரசுப் பதிவில் முந்நூற்று எண்பத்தாறு பொய் எழுதியதாக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள், உங்கள் மேல்தான் முதலில் வழக்கு வரும் என்றார். வரட்டும். அந்த வழக்கில் நான் முழு ஆர்வம் காட்டுவேன் என்பதை இப்போதே எழுத்துமூலம் உறுதியளிக்கிறேன். வேண்டுமானால் நேரில் ஆஜராகியும் கையொப்பமிடுகிறேன், அறுபத்திரண்டு படியும் எனக்குப் பழக்கம்தான்.

17. எனவே, ஐயா, நான் வேண்டுவன:

என் கணவரின் வழக்கில் காரணத்தை 7 என்பதிலிருந்து 8 ஆக, தொண்ணூறாம் நாள் மாலை கவுண்டர் மூடுவதற்குள் மாற்றித் தர வேண்டும். நான்கு பக்கங்களுக்கும் தேவையான விவரங்களைத் தெளிவாக எழுதி இணைத்திருக்கிறேன்; தட்டச்சு செய்ய ஆளில்லை என்றால் நானே வந்து சம்பளமில்லாமல் ஏற்றித் தருகிறேன், இருபது நிமிஷ வேலை. தூசியா சிகரெட்டா என்ற கேள்விக்கு விடை சொல்ல வழக்கு மறுபடி உயிர்பெற வேண்டும்.

என் நீளநோட்டின் நகலை இணைத்துள்ளேன். அதிலுள்ள முந்நூற்று எண்பத்தாறு பேரையும் இறந்தவர்கள் என்று பதிய உத்தரவிட வேண்டும். அவர்களில் பலருக்கு வாரிசுக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். இருந்தாலும் விட்டுவிட்டுப் போனவர்கள் என்ற பழியாவது போகட்டும்.

18. கடைசியாக ஒன்று. அந்த அறிக்கையில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "மனைவி வாரிசாகச் சேரும் வழக்குகளில் ஆர்வம் நீடிக்கும் காலம்: ஐந்து வாய்தா." அந்த மனைவிமார்களில் எத்தனை பேர் என் நோட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இப்போதைக்கு நோய் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாய்தாவுக்கும் வருவேன், ஐம்பதாவதற்கும் வருவேன். அப்படியும் ஒருநாள் நாலாம் ஹாலில் என்னைக் கூப்பிட்டு நான் எழவில்லை என்றால், கீழே அந்தப் பெண்ணுக்குச் சிரமம் வைக்க விரும்பவில்லை. எட்டைத் தட்டினால் திறக்கும் நான்கு பக்கங்களையும் என் பெயருக்கு நானே நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். வாரிசாகக் கொழுந்தனாரை எழுதியிருக்கிறேன், அவர் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மரணத் தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பிக்கொள்ளும்படி அவளிடம் சொல்லுங்கள். ஏழு போட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

நாள்: அவர் இறந்த எண்பத்து மூன்றாம் நாள்.
இடம்: நீதிமன்றக் கீழ்த்தள வராந்தா, தகவல் திரைக்கு எதிர் பெஞ்சு.

தங்கள் உத்தரவுக்கு இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஆர்வம் குறையாத மனுதாரரின் மனைவி.